பொம்மை நாய் தலையாட்டக் கூடாது

காரின் டாஷ்போர்டில் ஒரு பொம்மை நாய் ஒட்டியிருக்கும். பழுப்பு நிறம், கழுத்தில் ஸ்பிரிங், வெயிலில் காய்ந்து சுருண்டுபோன ஒரு காது. பிரேக்கைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக மிதித்தால் போதும், நாய் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டும். நாய் தலையாட்டினால் அன்றைய பாடம் தேறவில்லை என்று பொருள். மறுபடி தெருமுனைக்குப் போய், திரும்பி வந்து, அதே சிக்னலில் நாய்க்குத் தெரியாமல் நிறுத்திக் காட்ட வேண்டும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவருக்கு ஊரில் ஜென்ட்லி அக்கா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் நடுத்தர வயதுக்காரர்கள்: தையல்காரர், பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிற இரு சகோதரிகள், மருமகள் ஓட்டுகிறாளே என்று ரோஷப்பட்டு வந்த ஒரு மாமியார். தேர்வு வைக்கிற அதிகாரி ஆங்கிலத்தில்தான் பேசுவார். அதனால் அக்காவின் காரில் இரண்டு பாடம் ஒன்றாக நடக்கும். கைகாலுக்கு ஓட்டுதல், காதுக்கு ஆங்கிலம்.

ஆங்கிலத்துக்கு அவரிடம் ஒரே முறைதான். வினைச்சொல்லைத் தனியாக வாயில் எடுக்கவே கூடாது. 'டர்ன்' என்று சொன்னால் பக்கத்தில் 'ஸ்லோலி' நிற்க வேண்டும். 'லுக்' வந்தால் 'கேர்ஃபுலி'. 'வெயிட்' என்றால் 'பேஷன்ட்லி'. 'பிரேக்' என்றால் 'ஜென்ட்லி'. பெயர் வந்தது அங்கேதான். ஒரு பாடத்தில் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ண ஆரம்பித்த தையல்காரர், பாதியில் எண்ணிக்கை தவறிப்போய், "அக்கா, நீங்களே ஒரு ஜென்ட்லிதான்" என்று சொன்னார். ஒட்டிக்கொண்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு விளக்கம் உண்டு. "விறுவிறுன்னு நடப்போம். விறுவிறுன்னு தூங்குவோமா? மழை சோன்னு கொட்டும். சோன்னு சிரிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. நம்ம பேச்சுல எதுக்கு எது ஜோடின்னு நமக்கு யாரும் சொல்லித் தரலை, தானா வந்துச்சு. அவங்க பேச்சுலயும் அப்படித்தான். மழைன்னா ஹெவிலி. தூக்கம்னா சவுண்ட்லி. ஜோடியைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போனா, கல்யாண வீட்டுல ஒத்தையா வந்தவனைப் பார்க்குற மாதிரி பார்ப்பாங்க."

இதை அவர் புத்தகத்தில் படித்ததில்லை. கல்யாணமாகிக் கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பெரிய சலவைக்கடையில் வேன் ஓட்டினார். ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. மேலாளரம்மா ஒரு நாளும் வெறுமனே 'மடி' என்று சொன்னதில்லை, ஃபோல்டு நீட்லி. கதவைத் தட்டு என்றதில்லை, நாக் சாஃப்ட்லி. கிளம்பும்போது டிரைவ் கேர்ஃபுலி, தப்பு நடந்தால் ஸ்பீக் பொலைட்லி. மடிக்கவும் தட்டவும் ஓட்டவும் யாருக்குத்தான் தெரியாது. சம்பளமும் திட்டும் அந்த இரண்டாவது சொல்லுக்குத்தான் என்பது அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வேனில் போகும்போது ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொண்டே போவார். உதவிக்கு வந்த பெண், அக்கா ஏதோ மந்திரம் ஜபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பயந்தாள்.

பிறகு ஓட்டுநர் பயிற்சிக்கான உரிமம் வாங்கினார், இரட்டை பிரேக் உள்ள கார் வாங்கினார். இந்தக் கார்களில் பயிற்றுநர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் மிதி இருக்கும். மாணவர் சொதப்பினால் இவர் மிதித்துக் காப்பாற்றலாம். வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். "என் வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். நான் ஃப்ரிட்ஜைக் கூல் பண்றேன், இவ மனுஷங்களைக் கூல் பண்றா" என்பார். அக்காவிடம் கற்றவர்கள் முதல் தடவையிலேயே தேறிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அக்காவுக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த ஆண்டு தேர்வில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அதிகாரி திடீரென்று உள்ளங்கையை உயர்த்தி "ஸ்டாப்" என்பார். குறுக்கே யாரோ ஓடிவந்ததாக நினைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். புது விதி வந்ததும் ஒரு புது அதிகாரியும் வந்தார். மூக்குக் கண்ணாடி, பேனா, சிரிப்பே இல்லாத முகம். முதலில் பள்ளிச் சமையலறைச் சகோதரிகளில் மூத்தவர் தேறவில்லை. அடுத்து தையல்காரர். அப்புறம் அந்த மாமியார். மருமகள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று அவர் நேரே வீட்டுக்குப் போகாமல் கடைத்தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனார்.

அக்கா விதியைப் படித்தார். வகுப்பில் 'ஸ்டாப் இம்மீடியட்லி' என்று ஒரு புது ஜோடியைச் சேர்த்தார். எல்லோரும் அழகாகச் சொன்னார்கள், அழகாக நிறுத்தினார்கள், நாய் தலையாட்டவில்லை. குறை அதிகாரியிடம்தான் என்று முடிவாயிற்று. சிடுமூஞ்சி என்று அவருக்கும் ஒரு பெயர் கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் நாத்தனாருக்குத் தேர்வு வந்தது.

நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கை, ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறவர். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் திருப்பிப் போடுவது, தூக்கி உட்காரவைப்பது, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது. தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்துவிட்டது. குனிந்தால் நிமிர ஒரு சுவர் வேண்டும். இந்த நிலையில் மருத்துவமனையே ஒரு வேலை தர முன்வந்தது. வீட்டோடு இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்க்கிற குழுவுக்குத் தலைமை. தூக்குகிற வேலை இல்லை, கார் அவர்களே கொடுப்பார்கள். மாதம் பிறப்பதற்குள் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. உரிமம் வைத்திருக்கிற வேறொருத்தி வரிசையில் இரண்டாவதாக நின்றாள்.

சொந்தக்காரருக்குக் கற்றுக்கொடுப்பது தனக்குத் தானே முடி வெட்டிக்கொள்வது மாதிரி என்று அக்கா எப்போதும் சொல்வார். ஆனாலும் நாத்தனார் விஷயத்தில் அவருக்குப் பெருமைதான். இவ்வளவு மென்மையான கால் இதுவரை அந்தக் காரில் ஏறியதில்லை. மூன்றாவது பாடத்திலிருந்தே நாய் சிலையாக இருந்தது.

முதல் தேர்வில் நாத்தனார் தோற்றார்.

"நீ பதறியிருப்ப" என்றார் அக்கா.

"பதறவே இல்லை அண்ணி. நீங்க சொன்ன மாதிரிதான் நிறுத்தினேன்."

"அப்ப அந்த ஆளுக்குக் கண்ணு சரியில்லை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஆடினது நான். நீங்க எதுக்கு அண்ணி கூடத்தைத் திட்டுறீங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. மாதம் முடிவதற்குள் இன்னும் இரண்டு தேதிகள்தான் கிடைத்தன. தேர்வின்போது பயிற்றுநர் பின்சீட்டில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று விதி உண்டு. வாயைத் திறக்கக் கூடாது என்பதாலேயே அக்கா இதுவரை அதைப் பயன்படுத்தியதில்லை. இந்தத் தடவை சிடுமூஞ்சியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்றே ஏறி உட்கார்ந்தார்.

குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதிகாரி தெளிவாகப் பேசினார், அவசரப்படுத்தவில்லை. நாத்தனார் வளைவுகளில் பட்டுப்போல் திரும்பினார், பின்னால் எடுக்கும்போது இரண்டு தோளுக்கும் மேலாகப் பார்த்தார். மரங்கள் நிறைந்த ஒரு நேர்சாலையில் அதிகாரி உள்ளங்கையை உயர்த்தினார். "ஸ்டாப்."

நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தார். காலை வைத்தார். கார் வேகம் குறைந்து, குறைந்து, ஒரு மரத்தைத் தாண்டி, இன்னொரு மரத்தையும் தாண்டி, தூளியில் கிடந்த குழந்தையை இறக்கிவைக்கிற மாதிரி நின்றது. நாய் அசையவில்லை.

பின்சீட்டில் அக்காவின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடடா, என்ன அழகு. வாயைத் திறக்கக் கூடாது என்ற விதி மட்டும் இல்லையென்றால் தட்டிக் கொடுத்திருப்பார்.

அதிகாரி பேனாவை மூடினார். திரும்பிப் பின்னால் விட்டுவந்த முதல் மரத்தைக் காட்டினார். அங்கே ஒரு ஆள் குறுக்கே வந்திருந்தால் இப்போது நாம் அவர் மேல் ஏறி இறங்கி, இவ்வளவு அருமையாக நிறுத்தியிருப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏளனம் எதுவும் இல்லை. உங்கள் மாணவர்கள் எல்லோருமே இப்படித்தான் நிறுத்துகிறார்கள், ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை என்று பின்சீட்டைப் பார்த்துக் கேட்டார்.

அக்காவுக்கு அந்தக் கணத்திலேயே புரிந்துவிட்டது. பாடத்தின்போது ஆபத்து வந்த ஒவ்வொரு தடவையும் தன் பக்கத்து மிதியை அவரே மிதித்திருந்தார். தெருநாய் ஓடிவந்தபோதும் சைக்கிள் குறுக்கிட்டபோதும் பந்து உருண்டு வந்தபோதும் மிதித்தது அக்காவின் கால். அந்தக் காரில் படித்து வெளியே போன ஒருத்தர்கூடத் தன் வாழ்நாளில் பலமாக பிரேக் பிடித்ததில்லை. இம்மீடியட்லி என்பது வாயோடு நின்றுவிட்டது. காலுக்குத் தெரிந்த ஜோடி ஒன்றே ஒன்றுதான்.

வீடு திரும்பும் வழியில் நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அழவில்லை. இனிமேல் வார்டில் எந்த இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் தூக்குவது சுலபம் என்று யோசிக்கிறேன் என்றார்.

"நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம். தப்பு உன் கால்ல இல்லை, என் கால்ல. நாளைக்குச் சாயங்காலம் தயாரா இரு" என்றார் அக்கா. குரலில் வழக்கமான தைரியம் இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மரச்சாமான் கிடங்கு ஒன்றின் பின்னால் பெரிய சிமெண்டுத் தளம் இருக்கிறது. மாலையில் லாரிகள் போய்விட்டால் காலி. கிடங்குக்காரரிடம் அனுமதி வாங்கினார். வீட்டுக்காரர் தன் வேனில் ஆளுயரக் காலி அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். குளிர்சாதனப் பெட்டிகள் வந்த பெட்டிகள். ஒரு தூணுக்குப் பின்னால் அவர் நிற்பார். கார் நெருங்கும்போது ஒரு பெட்டியைக் காலால் குறுக்கே தள்ளிவிடுவார். இதுதான் திட்டம்.

முதல் பெட்டி வந்தது. நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தார், காலை வைத்தார், பெட்டியின் மேல் ஏறினார், அழகாக நிறுத்தினார்.

தூணுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "அது நானா இருந்திருந்தா?"

"உனக்குன்னா நிறுத்தியிருப்பேன் அண்ணா. கொஞ்சம் யோசிச்சுட்டு."

இரண்டாவது பெட்டியும் நசுங்கியது. மூன்றாவதற்கு அக்கா 'பிரேக் ஹார்ட்' என்று கத்தினார். நான்காவதற்குத் தமிழில், சடார்னு மிதி என்றார். எந்த மொழியில் சொன்னாலும் கால் தன் பழைய ஜோடியை விட்டு வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. பெட்டி குறுக்கே வரும்போதெல்லாம் அக்காவின் காலும் தன் மிதிக்குத் தானாகப் போனது. போகிறது என்று நாத்தனாருக்கும் தெரிந்தது. அண்ணி பார்த்துக்கொள்வார் என்று அவர் கால் ஓய்ந்துவிடுகிறது.

அக்கா செருப்பைக் கழற்றிக் கீழே போட்டார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப இந்தக் கார்ல ஒரே ஒரு பிரேக்தான் இருக்கு."

"அந்த நாயையும் எடுத்துடுங்க அண்ணி. அது என்னையே பார்க்குது."

நாய் டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த கையுறைப் பெட்டிக்குள் போயிற்று. ஐந்தாவது அட்டைப்பெட்டி பாதி நசுங்கலில் தப்பியது. முன்னேற்றம்தான், ஆனால் போதாது. கிளம்பும் இடத்துக்குத் திரும்பும்போது நாத்தனார் காரை நிறுத்திவிட்டு, தன்னால் ஆகாது என்றார். இத்தனை வருடமாக ஒரு பொருளையும் ஒரு ஆளையும் வெடுக்கென்று தொட்டதில்லை. மெதுவாகத் தூக்கு, மெதுவாகத் திருப்பு, மெதுவாகப் படுக்கவை. வார்டும் அண்ணியும் சேர்ந்து காலில் பஞ்சைக் கட்டிவிட்டீர்கள் என்றார்.

அக்கா சம்மணத்தோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"வார்டுல ஒருத்தர் கட்டில்ல இருந்து உருண்டு விழப் போறார். என்ன செய்வ?"

"பிடிப்பேன்."

"எப்படிப் பிடிப்ப?"

நாத்தனார் கையைப் பார்த்தார். "எப்படின்னு என்ன அண்ணி. நான் பார்க்குறதுக்குள்ள பிடிச்சிருப்பேன்."

"இடுப்பு வலிக்குமேன்னு யோசிப்பியா?"

"அப்புறம்தான் வலிக்கும்."

"அவ்வளவுதான். இதுக்கு ஜோடியே கிடையாது. ஒத்தையாத்தான் வரும். இவ்வளவு நாளா நான் யாரையும் ஒத்தையா அனுப்பலை, அதான் தப்பு. தூணுக்குப் பின்னாடி இருந்து வர்றது பெட்டி இல்லை, உன் வார்டுல மூணாம் கட்டில்காரர். போ."

கார் வேகமெடுத்தது. தூண் நெருங்கியது. அக்கா சம்மணத்தை விடவில்லை; இரண்டு கையாலும் தன் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார். பெட்டி வந்தது.

டயர் சிமெண்டில் தேய்ந்த சத்தத்துக்குக் கிடங்கின் காவலாளி எழுந்து வந்து பார்த்தார். அக்காவின் பெல்ட் தோளை அறுத்தது. கையுறைப் பெட்டி தானாகத் திறந்து, நாய் மடியில் விழுந்தது. அட்டைப்பெட்டி காருக்கு எதிரே, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்து பெட்டிக்கும் பம்பருக்கும் நடுவே நுழைந்து நின்று காட்டினார். இடம் தாராளமாக இருந்தது, அவருக்குத் தொப்பை இருந்தும்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றுகூட நசுங்கவில்லை. தேர்வுக்கு முன்னால் இன்னும் சில மாலைகள் கிடைத்தன. தையல்காரரையும் சமையலறைச் சகோதரிகளில் மூத்தவரையும் மாமியாரையும் அங்கே வரச் சொன்னார் அக்கா. இந்தப் பாடத்துக்குக் கட்டணம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மாமியார் முதல் முயற்சியிலேயே நிறுத்தினார். யாரை மனதில் நினைத்துக்கொண்டு மிதித்தீர்கள் என்று தையல்காரர் கேட்டதற்கு, அது வீட்டு விஷயம் என்று பதில் வந்தது.

மூன்றாவது தேர்வு நாளன்று நாத்தனாரே நாயை எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டினார். அது தலையாட்டட்டும் அண்ணி, பரவாயில்லை என்றார். அக்கா பின்சீட்டில் ஏறினார். அங்கே பிரேக் இல்லை, பேச்சும் இல்லை.

அதிகாரி இந்தத் தடவை வேறு சாலையில் போகச் சொன்னார். கடைகள், நடைபாதையில் ஆட்கள், நிறுத்தியிருந்த வேன்கள். நாத்தனார் திரும்ப வேண்டிய இடத்தில் மெதுவாகத் திரும்பினார், காத்திருக்க வேண்டிய இடத்தில் பொறுமையாகக் காத்திருந்தார். பழைய ஜோடிகள் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று அக்கா மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைகள் முடிந்து சாலை வெறுமையானதும் அதிகாரி பின்னால் வண்டி எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். அப்படியென்றால் இதோ 'ஸ்டாப்' வரப்போகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் முடியாது.

உள்ளங்கை உயர்ந்தது. "ஸ்டாப்" என்பதில் கடைசி எழுத்து வாயில் இருக்கும்போதே கார் நின்றுவிட்டது.

அதிகாரியின் பேனா காரின் முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. மூக்குக் கண்ணாடி நுனி மூக்குக்கு வந்தது. டாஷ்போர்டில் நாய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பலமாகத் தலையாட்டியது. அடுத்த நொடி தலை ஸ்பிரிங்கை விட்டுக் கழன்று அதிகாரியின் காலடியில் உருண்டது. பின்சீட்டில் அக்காவின் வலது கால் தரைவிரிப்பை அமுக்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார், குனிந்து பேனாவை எடுத்தார், தொடர்ந்து ஓட்டச் சொன்னார். கடைசியில், தேர்வு நிலையத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும், தேறிவிட்டீர்கள் என்று சொல்லி நாத்தனாரிடம் கைகுலுக்கினார். இறங்கும் முன் பின்பக்கம் திரும்பி, நாயின் தலையை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அப்போது அவர் சிரித்தாரா இல்லையா என்பதில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சிடுமூஞ்சி என்ற பெயரை மட்டும் அக்கா அன்றே வாபஸ் வாங்கிவிட்டார்.

மாதம் பிறந்தது. மருத்துவமனை கொடுத்த சின்ன வெள்ளைக் காரில் நாத்தனார் முதல் வீட்டுக்குக் கிளம்பினார். அந்தத் திசையில் அக்காவுக்கும் ஒரு வேலை இருந்ததால் பாதி வழி உடன் போனார். நாயின் தலையைப் பசை போட்டு ஒட்டியாகிவிட்டது, அது பழைய காரிலேயே இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இப்போது சட்டமும் மாறியிருக்கிறது: முதல் வாரம் நாய் தலையாட்டக் கூடாது, கடைசி வாரம் கட்டாயம் ஆட்ட வேண்டும்.

முன்னால் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு ஆள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கினார். கார் நின்றது. அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, கையைக் காட்டிவிட்டு நடந்தார்.

நாத்தனார் அண்ணியின் காலைப் பார்த்தார். அது விறைத்துப்போய், எதுவுமே இல்லாத தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, இந்தக் கார்ல அங்க ஒண்ணும் இல்லை. காலை எடுங்க."

அக்கா எடுக்கவில்லை.

"ஜென்ட்லியா எடுங்க" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.